மந்தம் வந்ததும் பயிற்சி அறை ஏன் முதலில் பூட்டப்படுகிறது?

கல்லூரி முடிக்கும் முன்பே கையில் ஆஃபர் லெட்டர். முடித்து ஒரு வருடம் ஆகியும் சேரும் தேதி வரவில்லை. 2022-க்குப் பிறகு சேலத்திலும் கோவையிலும் திருச்சியிலும் பல வீடுகளில் இதுதான் கதை. சேர்ந்தவர்களுக்கு வேறு கவலை. 2025 பிப்ரவரியில் மைசூருவில் ஒரு பெரிய ஐடி நிறுவனத்தின் பயிற்சி வளாகத்திலிருந்து, உள்தேர்வில் தேறவில்லை என்று சொல்லி நூற்றுக்கணக்கான ஃப்ரெஷர்களை (படிப்பு முடித்துப் புதிதாகச் சேர்ந்தவர்களை) ஒரே மூச்சில் வெளியே அனுப்பினார்கள். மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் கர்நாடகத் தொழிலாளர் துறையைத் தலையிடச் சொல்லும் அளவுக்கு விஷயம் போனது. அதே ஆண்டு நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஆட்குறைப்பில் வேலை இழப்பவர்களுக்காக ‘மறுதிறன் நிதி’ என்று புதிதாக ஒன்று இருக்கிறது. இதற்கிடையே, “திறமையான ஆள் கிடைப்பதில்லை” என்று நிறுவனங்கள் சொல்வதும் நிற்கவில்லை.

ஆள் கிடைப்பதில்லை என்கிறவர்களே எடுத்த ஆளைத் தேற்றாமல் அனுப்புவது எப்படி? முரணாகத் தெரியும் இந்தச் செய்திகளுக்கு அடியில் இருப்பது ஒரே காரணம்தான். பொருளாதாரம் ஏறும்போது பயிற்சிக்குப் பணம் இருக்கிறது, நேரம் இல்லை. இறங்கும்போது நேரம் இருக்கிறது, பணம் இல்லை. இந்த இழுபறி எப்படி நடக்கிறது, அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்பதை பெங்களூருவை வைத்துப் பார்க்கலாம்.

## பெங்களூருவில் ஓடும் இரண்டு சுழற்சிகள்

பொருளாதாரம் ஒரே சீராக வளர்வதில்லை. சில ஆண்டுகள் ஆர்டர், வேலை, சம்பளம் எல்லாம் ஏறும். ஓர் உச்சம் வரும், பிறகு இறங்கும், அடி தொட்டு மறுபடி ஏறும். இதைத்தான் பொருளாதாரச் சுழற்சி என்கிறோம். வளர்ச்சியின் வேகம் குறைந்தால் அது மந்தம். பொருளாதாரமே சுருங்கினால் அது பின்னடைவு. தொடர்ந்து இரண்டு காலாண்டுகள் சுருங்கினால் பின்னடைவு என்று சொல்வது வழக்கம். 2020 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இந்தியாவில் நடந்தது அதுதான். மற்றபடி நாம் செய்திகளில் பார்ப்பது பெரும்பாலும் மந்தம். பயிற்சி அறைக்கு மந்தமே போதும்.

பெங்களூருவில் இரண்டு சுழற்சிகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. ஐடி நிறுவனங்கள் குவிந்திருக்கும் எலெக்ட்ரானிக் சிட்டியும் ஒயிட்ஃபீல்டும் அமெரிக்க, ஐரோப்பிய வாடிக்கையாளர்களின் பட்ஜெட்டை நம்பி இருப்பவை. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ், பூஜ்ஜியத்தை ஒட்டியிருந்த வட்டியை 2022 மார்ச்சில் ஏற்றத் தொடங்கியது. 2023 ஜூலைக்குள் அது 5.25 முதல் 5.5 சதவீதம் வரை போய்விட்டது. கடனுக்கு விலை ஏறியதும் அங்குள்ள வங்கிகளும் கடைத்தொடர்களும் “இந்த ப்ராஜெக்டை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளிப்போட்டன. அந்த ஒரு வரி இங்கே வந்து சேரும்போது, ஃப்ரெஷர் ஒருவரின் சேரும் தேதி தள்ளிப்போகிறது.

பீண்யா, பொம்மசந்திரா, ஓசூர் பக்கத்துப் பட்டறைகள் பலவற்றுக்கு உள்நாட்டு வாகன விற்பனைதான் நாடித்துடிப்பு. 2019 ஆகஸ்டில் பயணிகள் வாகன விற்பனை முந்தைய ஆண்டு ஆகஸ்டைவிட 30 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. அப்போது ஐடி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. 2023-ல் நிலைமை மாறி, வாகன விற்பனை நிமிர்ந்திருந்தது, ஐடி தள்ளாடியது. அதனால் “மார்க்கெட் எப்படி?” என்று பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒருவர் ஐடிக்கும் ஒருவர் பட்டறைக்கும் போகும் அண்ணன் தம்பியைக் கேட்டால்கூட இரண்டு பதில் வரும். இரண்டும் உண்மையாக இருக்கும்.

## பயிற்சியில் இரண்டு ரகம்

ஊழியரை வேலைக்கு எடுப்பதோடு நிற்காமல் பயிற்சி, மதிப்பீடு, பதவி உயர்வு, அடுத்த கட்டத்துக்குத் தயார்ப்படுத்துவது எல்லாவற்றையும் சேர்த்து மனிதவள மேம்பாடு என்கிறோம். இந்தியாவில் இதற்கென்று தனித் துறையை முதலில் அமைத்தது லார்சன் அண்ட் டூப்ரோ. உதய் பரீக், டி.வி.ராவ் என்ற இரு பேராசிரியர்கள் சொன்ன யோசனைப்படி 1975-ல் அது நடந்தது. சம்பளப் பட்டுவாடா, விடுப்புக் கணக்கு பார்க்கும் பர்சனல் துறை வேறு, ஆளை வளர்க்கும் துறை வேறு என்ற எண்ணம் அங்கிருந்து பரவியது. மந்தக் காலத்தில் பல அலுவலகங்களில் இந்த இரண்டும் மறுபடி ஒன்றாகிவிடுகின்றன.

பயிற்சிக்கு யார் பணம் தருவார்கள் என்ற கேள்விக்கு 1964-ல் ஒரு தெளிவான பதில் சொன்னவர் கேரி பெக்கர். 1992-ல் பொருளாதார நோபல் பெற்ற அமெரிக்கர். அவர் பயிற்சியை இரண்டாகப் பிரித்தார்.

1. பொதுத்திறன். எங்கே போனாலும் காசாகும் திறன். ஜாவா, கிளவுட், சிஎன்சி (கணினி இயக்கும் கடைசல் இயந்திரம்) ப்ரோக்ராமிங், வெல்டிங், ஆங்கிலத்தில் தடுமாறாமல் பேசுவது எல்லாம் இந்த ரகம்.

2. நிறுவனத்திறன். அந்த ஓர் இடத்தில் மட்டும் செல்லும் திறன். அந்த வங்கியின் இருபது வருடப் பழைய மென்பொருள், அந்த ஆலையின் இயந்திரத்துக்கே உரிய வழக்கம், அந்த வாடிக்கையாளரின் படிவ வரிசை.

பெக்கர் சொன்னது எளிமையானது. பொதுத்திறனைக் கற்றுக்கொடுத்தால் ஊழியர் அதை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்விடலாம். ஆகவே முதலாளி அதற்குச் செலவழிக்கத் தயங்குவார். செலவு ஏதோ ஒரு வழியில் ஊழியர் தலையில்தான் வரும், பெரும்பாலும் குறைந்த தொடக்கச் சம்பளமாக. நிறுவனத்திறனுக்கு மட்டும் முதலாளி மனமுவந்து பணம் போடுவார்.

இதிலிருந்து நமக்கு வேண்டிய முடிவு ஒன்று. பை சுருங்கும்போது முதலில் வெட்டப்படுவது பொதுத்திறன் பயிற்சி. ஊழியருக்கு அதிகம் பயன்படக்கூடியது எதுவோ அதுதான் முதலில் போகிறது.

## ஒரு பட்டறையில் நடப்பது

பீண்யாவில் ஆறு சிஎன்சி இயந்திரம் வைத்து ஜாப் வொர்க் (பிற நிறுவனங்களுக்குக் கூலிக்கு உதிரிபாகம் செய்து தரும் வேலை) எடுக்கும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். ஆபரேட்டர்கள் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துப் பையன்கள். ஆர்டர் குவிந்திருக்கும் மாதத்தில் ஆபரேட்டர் செய்வது மூன்று காரியம்: உருளையை மாட்டுவது, பச்சை பட்டனை அழுத்துவது, முடிந்ததை எடுத்துத் தட்டில் அடுக்குவது. டூல் தேய்ந்து அளவு 0.02 மில்லிமீட்டர் தள்ளிப்போனால் அவர் கையை வைக்கக்கூடாது. இயந்திரத்தைச் சரியாக அமைத்துத் தரும் செட்டரைக் கூப்பிட வேண்டும். செட்டர் வந்து மைக்ரோமீட்டரில் அளந்து, திரையில் ஆஃப்செட் (டூல் தேய்வதை ஈடுகட்டும் அளவுத் திருத்தம்) பக்கத்தைத் திறந்து, இரண்டு எண்ணை மாற்றிவிட்டு அடுத்த இயந்திரத்துக்கு ஓடுவார். பையன் எட்டிப் பார்ப்பான். கேட்க நேரம் இருக்காது. இப்படியே இரண்டு வருடம் பட்டன் அழுத்துகிறவர்கள் உண்டு.

இப்போது ஆர்டர் பாதியாகிறது. இரண்டு இயந்திரத்துக்குத் தார்ப்பாய் போர்த்தியாகிவிட்டது. செட்டருக்கும் வேலை குறைவு. அந்தப் பையனை நிற்கவைத்து ஆஃப்செட் என்றால் என்ன, அளவு கூடினால் ஏன் கழிக்க வேண்டும், குறைந்தால் ஏன் அந்த உருளையே வீண் என்று சொல்லித்தர இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

கணக்காகவே பார்க்கலாம். ஓர் இயந்திரம் மணிக்கு 400 ரூபாய் ஈட்டுகிறது, பயிற்சிக்கு 20 மணி நேரம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வேலை மும்முரமான மாதத்தில் அந்தப் பயிற்சிக்காக இழக்கும் வருமானம் 8,000 ரூபாய். தார்ப்பாய் போர்த்திய இயந்திரத்தில் இழப்பு பூஜ்ஜியம். கொஞ்சம் மின்சாரமும் கழிவு உருளையும்தான் செலவு. பொருளாதார அறிஞர்கள் இதை வாய்ப்புச் செலவு என்பார்கள். ஒன்றைச் செய்வதற்காக விட்டுக்கொடுக்கும் இன்னொன்றின் மதிப்பு அது. மந்தத்தில் பயிற்சியின் வாய்ப்புச் செலவு குறைகிறது. ஆகவே மந்தத்தில் பயிற்சி கூட வேண்டும்.

காகிதத்தில் இது சரி. ஆனால் அதே மாதத்தில் பட்டறைக்காரருக்கு வர வேண்டிய பணம் வரவில்லை. இயந்திரத்துக்கு வாங்கிய கடனின் தவணை ஐந்தாம் தேதி நிற்காது. சம்பளப் பட்டியலைக் குறைப்பது ஒன்றுதான் அவர் கையில் இருக்கும் உடனடி வழி. “ஆர்டர் வந்ததும் போன் பண்றேன்” என்று பையனை ஊருக்கு அனுப்பிவிடுகிறார். ஆறு மாதம் கழித்து ஆர்டர் வருகிறது, பையன் திருப்பூரில் இருக்கிறான். புதிதாக ஒருவனைப் பிடித்து மறுபடி பச்சை பட்டனிலிருந்து தொடங்க வேண்டும்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. விதைநெல்லை எடுத்துச் சமைக்கக்கூடாது என்று தெரிந்தும், பானை காலியாக இருக்கும்போது கை அங்கேதான் போகிறது.

## பணம் இருக்கும் நிறுவனமும் ஏன் வெட்டுகிறது?

சிறு பட்டறைக்குக் கையில் பணம் இல்லை, புரிகிறது. ஆயிரக்கணக்கான கோடி கையிருப்பு வைத்திருக்கும் நிறுவனமும் அதையே ஏன் செய்கிறது? இங்கே காரணங்கள் வேறு.

1. கணக்குப் புத்தகம். புதிய சர்வர் வாங்கினால் அது சொத்து. செலவைப் பல ஆண்டுகளுக்குப் பிரித்துக் காட்டலாம். ஊழியருக்குப் பயிற்சி கொடுத்தால் அது சொத்து ஆகாது. இந்தியக் கணக்கியல் தரநிலை 38-ன்படி பயிற்சிச் செலவை அந்த ஆண்டின் செலவாகவே எழுத வேண்டும். திறன் ஊழியரின் தலைக்குள் இருக்கிறது, அவர் எப்போது வேண்டுமானாலும் போகலாம், நிறுவனத்துக்கு அதன்மேல் கட்டுப்பாடு இல்லை என்பது அதன் தர்க்கம். நியாயமான தர்க்கம்தான். விளைவு என்னவென்றால், லாபம் குறையும் காலாண்டில் பயிற்சியை வெட்டினால் அந்தக் காலாண்டிலேயே லாபம் கூடித் தெரியும். பாதிப்பு மூன்று வருடம் கழித்துத்தான் வரும். அப்போது அந்த மேலாளர் வேறு நிறுவனத்தில் இருப்பார்.

2. அளக்க முடியாமை. பயிற்சியின் பலனை நான்கு படிகளில் பார்க்க வேண்டும் என்று டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-லேயே எழுதினார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் மாற்றம் வந்ததா, நிறுவனத்துக்குப் பலன் கிடைத்ததா. பல அலுவலகங்கள் முதல் படியோடு, அதாவது வகுப்பு முடிவில் நிரப்பித் தரும் கருத்துப் படிவத்தோடு நின்றுவிடுகின்றன. நிதித் துறை வந்து “இதனால் என்ன லாபம்?” என்று கேட்கும்போது எச்.ஆர். கையில் இருப்பது “நன்றாக இருந்தது” என்று எழுதிய படிவங்கள் மட்டும்.

3. பக்கத்துக் கடை பயம். நாம் செலவழித்துப் பழக்க, எதிரே இருப்பவர் சம்பளம் கூட்டித் தூக்கிக்கொண்டு போவாரே என்ற பயம். எல்லோரும் இப்படி நினைத்தால் யாருமே பழக்க மாட்டார்கள். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து ஆள் இல்லை என்பார்கள். தொடக்கத்தில் பார்த்த முரணின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

## எது வெட்டுப்படும், எது தப்பும்?

எல்லாப் பயிற்சியும் ஒரே மாதிரி சரிவதில்லை. 1990-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் பின்னடைவு வந்தபோது பயிற்சி அடியோடு நின்றுவிடும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். ஆலன் ஃபெல்ஸ்டெட், பிரான்சிஸ் கிரீன் என்ற ஆய்வாளர்கள் விசாரித்துப் பார்த்ததில், அந்த அளவுக்கு விழவில்லை என்று தெரிந்தது. காரணமாக அவர்கள் சொன்னது ‘பயிற்சித் தளம்’. எவ்வளவு நெருக்கடி வந்தாலும் அதற்குக் கீழே போக முடியாத ஓர் அளவு. சட்டம் கேட்கிறது, தரச்சான்று கேட்கிறது, வாடிக்கையாளர் கேட்கிறார் என்பதால் நிறுத்த முடியாத பயிற்சிகள் அவை.

நம் ஊரிலும் அதே கதை. ரசாயன ஆலையில் பாதுகாப்புப் பயிற்சி, பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான 2013-ம் ஆண்டுச் சட்டம் கேட்கும் விழிப்புணர்வு வகுப்பு, ஐஎஸ்ஓ தரச்சான்றுத் தணிக்கைக்கு வேண்டிய பதிவேடு, வெளிநாட்டு வங்கி வாடிக்கையாளர் கட்டாயமாக்கும் தகவல் பாதுகாப்புத் தேர்வு ஆகியவை மந்தத்திலும் நிற்காது. வெட்டு விழும் வரிசை பொதுவாக இப்படி இருக்கும்:

1. வெளியூர்ப் பயிற்சி, ஹோட்டலில் நடக்கும் இரண்டு நாள் முகாம்கள். இவை போனால் பெரிய நஷ்டம் இல்லை.

2. வெளியிலிருந்து வரும் பயிற்றுநர். அந்த இடத்தில் வீடியோ வகுப்பு உட்காரும். “உங்களுக்கு ஆயிரம் கோர்ஸ் திறந்துவிட்டிருக்கிறோம்” என்று மெயில் வரும். அதற்கான நேரத்தை மட்டும் யாரும் தர மாட்டார்கள். இரவு பத்து மணிக்கு வீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். குழந்தையை வைத்திருக்கும் பெண் ஊழியர்கள்தான் இதில் அதிகம் பின்தங்கிப் போகிறார்கள். பயிற்சிச் செலவு நிறுவனத்தின் பையிலிருந்து ஊழியரின் தூக்கத்துக்கு மாறிவிட்டது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

3. அடுத்த பதவிக்குத் தயார்ப்படுத்தும் பயிற்சி.

4. புதியவர்களுக்கான புகுமுகப் பயிற்சி. ஆளே எடுக்கவில்லை என்றால் இது தானாக நிற்கும்.

ஒப்பந்தத் தொழிலாளர்கள் இந்தப் பட்டியலிலேயே இல்லை. நல்ல காலத்திலும் அவர்களுக்குக் கிடைப்பது பாதுகாப்புத் தொப்பி அணிவது எப்படி என்ற அரை மணி நேர வகுப்பு மட்டும்தான்.

## ஐடியில் ஐந்து ஆண்டுகள்: ஏறியதும் இறங்கியதும்

கொரோனாவுக்குப் பிறகு உலகமே இணையத்துக்கு மாற, ஐடி ஆர்டர் கொட்டியது. இன்ஃபோசிஸ் 2021-22 நிதியாண்டில் எடுத்த ஃப்ரெஷர்கள் சுமார் 85,000 பேர். அடுத்த ஆண்டு 50,000-க்குச் சற்று மேல். அதற்கடுத்த 2023-24-ல் ஏறக்குறைய 12,000. அட்ரிஷன், அதாவது விட்டுப் போகிறவர்களின் விகிதம், 2022 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் 28.4 சதவீதம். இரண்டே ஆண்டில் அது 13 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. ஊழியர்களுக்குத் திடீரென்று நிறுவனத்தின்மேல் பாசம் வந்துவிடவில்லை. போவதற்கு இடம் இல்லை.

இதைப் புரிந்துகொள்ள இரண்டு சொற்கள் வேண்டும். ஊழியரின் உழைப்புக்கு வாடிக்கையாளர் மணிக்கணக்கில் பணம் தருவது பில்லிங். அப்படி எந்த ப்ராஜெக்டிலும் இல்லாமல் சம்பளம் வாங்கிக்கொண்டு காத்திருப்பது பெஞ்ச். மொத்த ஊழியர்களில் எத்தனை பேர் பில்லிங்கில் இருக்கிறார்கள் என்ற விகிதத்தை முதலீட்டாளர்கள் உன்னிப்பாகப் பார்க்கிறார்கள். வெளியே இருப்பவர்களுக்கு பெஞ்ச் சும்மா இருக்கும் காலமாகத் தெரியும். இந்தத் தொழிலின் பயிற்சி அறையே அதுதான். ஒரு ப்ராஜெக்ட் முடிந்து அடுத்தது வருவதற்குள் இரண்டு மூன்று மாதம் உட்கார்ந்து புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டுதான் ஒரு தலைமுறை மெயின்ஃபிரேமிலிருந்து ஜாவாவுக்கும், அங்கிருந்து கிளவுடுக்கும் வந்தது.

மந்தம் அந்த இடைவெளியை நெருக்குகிறது. டிசிஎஸ் 2025 ஜூனில் கொண்டுவந்த விதிப்படி ஓர் ஊழியர் ஆண்டுக்கு 225 வேலைநாட்களாவது பில்லிங்கில் இருக்க வேண்டும், பெஞ்ச் 35 நாளைத் தாண்டக்கூடாது. அடுத்த மாதமே அந்நிறுவனம் சுமார் 12,000 பேரை, அதாவது 2 சதவீத ஊழியர்களை, குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலையில் இருப்பவர்கள். 35 நாளில் ஒரு புதிய தொழில்நுட்பத்தின் பெயர்களைக் கற்றுக்கொள்ளலாம். இன்டர்வியூவில் நிற்கும் அளவுக்குக் கற்பது கடினம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இன்னும் கடினம்.

பயிற்சியின் நோக்கமும் சுழற்சியோடு மாறுகிறது. ஆள் தட்டுப்பாடு இருக்கும் காலத்தில் உள்தேர்வில் ஒருவர் தோற்றால் மறுபடி எழுதவைத்து, தனியாகச் சொல்லிக்கொடுத்து எப்படியாவது தேற்றிவிடுவார்கள். ஆள் மிஞ்சிய காலத்தில் அதே தேர்வு வடிகட்டியாகிவிடும். பாடத்திட்டம் அதே, மதிப்பெண் அதே, ஆனால் அதைப் பயன்படுத்தும் விதம் வேறு. வெளியே அனுப்பப்பட்ட இளைஞர்கள் பலர் தங்கள் அறிவைச் சந்தேகிக்கிறார்கள். அந்த ஃபெடரல் ரிசர்வ் வட்டியையும் அவர்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் காலத்தில் படிப்பை முடிப்பவர்களுக்கு விழும் அடி சீக்கிரம் ஆறுவதும் இல்லை. கனடாவில் பின்னடைவின்போது பட்டம் பெற்றவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த ஓரியோபுலோஸ், வான் வாக்டர், ஹைஸ் ஆகியோரின் கணக்குப்படி, தொடக்கச் சம்பளத்தில் சுமார் 9 சதவீத இழப்பு வருகிறது, அது முழுக்கச் சரியாகப் பத்து ஆண்டுகள் வரை ஆகிறது. முதல் வேலையில் கிடைக்க வேண்டிய பயிற்சி கிடைக்காமல் போவதும், சிறிய இடத்தில் தொடங்கி மெல்ல நகர வேண்டியிருப்பதும் இதற்குள் அடக்கம்.

நிறுவனத்துக்கும் பில் வரும், தாமதமாக. 2009-ல் எடுக்காத ஃப்ரெஷர் 2014-ல் ஐந்து வருட அனுபவசாலி ஆக முடியாது. 2023-24-ல் விட்ட இடைவெளி 2028 வாக்கில், நடுநிலை ஆள் இல்லை என்ற புலம்பலாக வரும் என்று எதிர்பார்க்கலாம்.

## நல்ல காலத்தின் அவசரம்

ஏற்றத்தில் பயிற்சி நன்றாக நடக்கும் என்று நினைப்பது இயல்பு. பணம் ஒதுக்குவார்கள், உண்மை. ஆனால் ப்ராஜெக்ட் காத்திருக்கிறது. மூன்று மாத வகுப்பு ஆறு வாரமாகச் சுருங்கும். பாடம் நடத்த வேண்டிய அனுபவசாலியை வாடிக்கையாளர் விட மாட்டார். பழக்கி எடுப்பதைவிடப் பக்கத்து நிறுவனத்திலிருந்து 40 சதவீதச் சம்பள உயர்வு கொடுத்துக் கூட்டிவருவது வேகமாகத் தெரியும். அவர் விட்டு வந்த இடத்தில் அவர்களும் அதையே செய்வார்கள்.

போகாமல் தடுக்கக் கையாளும் கருவி பாண்ட். இத்தனை வருடம் இருக்க வேண்டும், முன்னால் போனால் இவ்வளவு கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம். 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு, ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அதனால் “பாண்ட் எதுவுமே செல்லாது” என்ற பேச்சு உண்டு. அது தவறு. 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கியின் வழக்கில், மூன்று ஆண்டு இருக்க வேண்டும், இல்லையென்றால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலையில் இருக்கும் காலத்துக்கான நிபந்தனை வேறு, விட்டுப்போன பிறகு வேறெங்கும் சேரக்கூடாது என்று தடுப்பது வேறு என்பது அதன் சாரம். கையெழுத்துப் போடும் முன் தொகையையும், அதற்கு ஈடாக என்ன பயிற்சி தருகிறார்கள் என்பதையும் படித்துப் பார்ப்பது அவசியம்.

## சுழற்சியா, நிரந்தர மாற்றமா?

எல்லா இறக்கமும் சுழற்சி அல்ல. இதைக் கோலார் தங்கவயல்காரர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமான சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் தலைமுறை தலைமுறையாக இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பாறையின் ஓசையை வைத்தே அது எப்போது வெடிக்கும் என்று சொல்லும் திறன், மரம் முட்டுக்கொடுக்கும் திறன், கூண்டை இறக்கும் திறன் எல்லாம் உலகத்தரத்தில் இருந்தன. ஆனால் பெக்கரின் கணக்கில் அவை நிறுவனத்திறன். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டபோது அந்தத் திறனை வாங்க அருகில் வேறு ஆள் இல்லை. தங்கத்தின் விலை திரும்ப ஏறும் வரை காத்திருந்தவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. வெல்டர், எலெக்ட்ரீஷியன், ஃபிட்டர் என்று எங்கும் செல்லும் திறன் வைத்திருந்தவர்களுக்கு வழி திறந்தது. இன்றும் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் புறப்படும் ரயிலில் வேலைக்காக பெங்களூரு வருகிறவர்களால் பெட்டிகள் நிரம்பி வழிகின்றன.

இன்று பீண்யாவிலும் ஐடியிலும் அதே கேள்வி நிற்கிறது. வாகன விற்பனை குறைவது சுழற்சி, திரும்பும். மின்சார வண்டியில் பிஸ்டனும் வால்வும் கிடையாது என்பது சுழற்சி அல்ல, அந்த ஆர்டர் திரும்பாது. அமெரிக்க வங்கி ப்ராஜெக்டைத் தள்ளிப்போடுவது சுழற்சி. மென்பொருள் நிரல் எழுதுவதிலும் சோதிப்பதிலும் ஒரு பகுதியைச் செயற்கை நுண்ணறிவு (ஏஐ) செய்துவிடுவது அப்படி அல்ல. இரண்டும் ஒரே நேரத்தில் வந்திருப்பதால்தான் குழப்பம். முதல் வகைக்கு மருந்து தாக்குப்பிடிப்பது. இரண்டாம் வகைக்கு மருந்து வேறு திறன். மந்தம் தீரட்டும் என்று பயிற்சியைத் தள்ளிப்போடும் நிறுவனம் இரண்டாவதையும் முதலாவது போலவே நடத்துகிறது.

## அரசு என்ன செய்ய முடியும், சட்டத்தில் இப்போது என்ன இருக்கிறது?

நேரம் இருக்கும்போது பணம் இல்லை என்பதுதான் சிக்கல் என்றால், அந்த நேரத்துக்கு மட்டும் வெளியிலிருந்து பணம் வர வேண்டும். 2008 நெருக்கடியில் இரண்டு நாடுகள் இதைச் செய்தன. ஜெர்மனியில் ‘குர்ட்ஸ்ஆர்பைட்’ என்ற குறைநேர வேலைத் திட்டம் இருந்தது. ஆளை அனுப்பாமல் வேலை நேரத்தைக் குறைத்தால், இழந்த சம்பளத்தின் ஒரு பகுதியை அரசு தரும். அந்த நேரத்தில் பயிற்சிக்கு அனுப்பினால் முதலாளியின் சமூகக் காப்பீட்டுப் பங்கையும் அரசே ஏற்கும். 2009-ல் அங்கே பொருளாதாரம் 5 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியும் வேலையின்மை பெரிதாக ஏறவில்லை. சிங்கப்பூர் 2008 டிசம்பரில் 60 கோடி சிங்கப்பூர் டாலரில் இரண்டாண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, ஊழியரை வகுப்புக்கு அனுப்பும் நிறுவனங்களுக்குக் கட்டணத்தையும் அந்த நேரத்துச் சம்பளத்தின் ஒரு பங்கையும் தந்தது. பீண்யாவின் தார்ப்பாய் போர்த்திய இயந்திரத்துக்குத் தேவைப்படுவது இதுதான். நம்மிடம் அந்த மாதிரி ஒன்று இல்லை. இருப்பவை இரண்டு.

1. அப்ரெண்டிஸ் (தொழில் பழகுநர்) விதி. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரெண்டிஸ்களை வைத்திருக்க வேண்டும். சுழற்சி எப்படிப் போனாலும் இது ஒரு பயிற்சித் தளம் போல நிற்கும். கர்நாடகத்தில் டிகிரி, டிப்ளமோ முடித்தவர்களுக்கான அப்ரெண்டிஸ் விஷயத்தைப் பார்ப்பதும் சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம்தான். மந்தத்தில் இதிலும் ஓர் ஆபத்து உண்டு. நிரந்தர ஆளின் இடத்தில் குறைந்த உதவித்தொகைக்கு அப்ரெண்டிஸை நிறுத்தி உற்பத்தியை ஓட்டுவது. பயிற்சி முடிவில் சான்றிதழுக்கு ஏற்பாடு செய்கிறார்களா என்று பார்த்தால் எது பயிற்சி, எது மலிவு உழைப்பு என்று தெரிந்துவிடும்.

2. மறுதிறன் நிதி. தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, ஒரு தொழிலாளரை ஆட்குறைப்பு செய்தால் அவர் கடைசியாக வாங்கிய ஊதியத்தில் 15 நாள் தொகையை முதலாளி இந்த நிதியில் கட்ட வேண்டும். 45 நாளுக்குள் அது தொழிலாளரின் கணக்குக்கு வரவேண்டும். பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் என்ற ஆட்குறைப்பு இழப்பீடு இதற்கு மேல் தனி. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

இந்தத் தொகை எவ்வளவு வரும்? மாத ஊதியம் 24,000 என்றால் தோராயமாக 12,000 ரூபாய், ஒரே ஒரு முறை. வேலை போன வீட்டில் அது வாடகைக்கும் மளிகைக்கும் போய்விடும், வகுப்புக் கட்டணமாக மாறுவது அபூர்வம். அதோடு இது வேலை போன பிறகு வருகிறது. வேலையில் இருக்கும்போதே, ஆர்டர் குறைந்த அந்த மாதத்தில் கிடைத்தால்தான் அதற்குப் பயன். ஆனாலும் வெளியேறுகிறவரை மறுபடி பயிற்றுவிப்பதில் முதலாளிக்கும் பங்கு உண்டு என்று சட்டம் முதல்முறையாக ஒப்புக்கொண்டிருப்பது சிறிய விஷயம் அல்ல.

இந்தச் சட்டத்தில் ‘தொழிலாளர்’ என்ற சொல்லுக்குள் திறன்சார், தொழில்நுட்ப, அலுவலக வேலை செய்பவர்கள் வருகிறார்கள். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் வர மாட்டார்கள். தானாக விலகுவதும், குறித்த கால ஒப்பந்தம் முடிவதும் ஆட்குறைப்பில் சேராது. அதனால் எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டு “நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள், அனுபவச் சான்றிதழ் சுத்தமாக இருக்கும்” என்று சொல்லும்போது, அந்தக் காகிதத்தோடு சேர்ந்து போவது வேலை மட்டும் அல்ல. ஆட்குறைப்பு இழப்பீடும் மறுதிறன் தொகையும் சேர்ந்தே போகின்றன. அன்றே கையெழுத்துப் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டு, தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யலாம்.